மேல்நிலைத் தொட்டியில் துரு: அடையாளம் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர்த் தொட்டி ரிப்பேருக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எத்தனை டப்பா பெயிண்ட் ஆகும்?" கானாடுகாத்தானாக இருந்தாலும் தேவகோட்டையாக இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை. பெயிண்ட் கடைசி வேலை. துரு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறக்கும் இடம் வேறொன்று என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கண்ணில் பட்ட இடத்தில் மட்டும் பூசினால், இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் அதே சாரத்தை மறுபடி கட்ட வேண்டியிருக்கும். அதனால் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஏறுவதற்கு முன் ஒன்று. தொட்டிக்குள் ஒரு ஆள் இறங்கினால், மூடி வாய்க்கு வெளியே கயிற்றைப் பிடித்தபடி இன்னொரு ஆள் இருந்தே ஆக வேண்டும். உள்ளே ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது. அளக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. பூச்சு வேலையில் தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். மேலே ஃபேன் வைத்துவிட்டு "காற்று வருதுல்ல" என்று இருந்துவிடக் கூடாது. உறிஞ்சும் குழாயின் வாய் தொட்டியின் தரை வரை போக வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆரம்ப காலத்தில் என்னிடம் வேலை பார்த்த பையன் ஒருவன் உள்ளே பூசிக்கொண்டிருந்தபோது சிரிக்க ஆரம்பித்தான். ஏதோ ஜோக் என்று நினைத்தேன். அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கயிறு இருந்ததால் மேலே இழுத்தோம். உள்ளே விளக்கும் 24 வோல்ட்தான், வீட்டு மின்சாரம் கூடாது.

குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது

இந்தப் புகாரில் தொட்டி குற்றவாளியாக இல்லாமலே போகலாம். நான்கு கண்ணாடிப் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒன்று, தொட்டிக்குள் இருந்து ஒன்று, இறங்கும் குழாயில் ஒன்று, தெருக்கடைசி வீட்டுக் குழாயில் ஒன்று என்று ஒரே காலையில் பிடியுங்கள். வெள்ளைத் தாளின் மேல் வரிசையாக வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

பிடிக்கும்போது தெளிவாக இருந்து, அரை மணி, ஒரு மணி நேரத்தில் பழுப்பாக மாறினால் அது ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்தே கரைந்து வரும் இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே வேட்டியில் கறை விழும். இதற்கு வேண்டியது காற்றூட்டலும் வடிகட்டலும். தொட்டிக்குப் பூச்சு அடித்துப் பயனில்லை. பிடிக்கும்போதே நிறமாக இருந்து அடியில் துகள் படிந்தால் எங்கோ இரும்பு அரிபடுகிறது. மூன்றாவது பாட்டில் தெளிவாகவும் நான்காவது மட்டும் கலங்கலாகவும் இருந்தால் பழி தெருக்குழாய் மேல். முதல் பாட்டில் தெளிவாக இருந்து இரண்டாவது பாட்டிலே கலங்கினால்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும்.

ஆழ்குழாய்த் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்த ஊருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்ததும் சில வாரம் சிவப்புத் தண்ணீர் வருவது உண்டு. பழைய தண்ணீருக்குப் பழகிக் குழாய்க்குள் படிந்திருந்த படிவம், புதிய தண்ணீரின் குணத்துக்கு இளகி வருகிறது. அந்தச் சமயத்தில் தொட்டியைக் காலி செய்து பூச்சுக்கு டெண்டர் விடுவது வீண் செலவு. தெருக்கடைசி வால்வுகளைத் திறந்து குழாயை அலசி விடுங்கள். கையில் வழவழவென்று ஆரஞ்சு நிறச் சளி போல ஒட்டினால் அது இரும்பு பாக்டீரியா. அதற்கு அலசலோடு குளோரினும் வேண்டும்.

மூடியைத் திறந்ததும் உள்கூரையில் கம்பி தெரிகிறது

பத்துத் தொட்டிக்கு ஏழு எட்டில் நான் பார்ப்பது இதுதான். தண்ணீரில் மூழ்கிய சுவர் நன்றாக இருக்கும். தண்ணீரே தொடாத கூரையின் அடிப்பக்கம் செதில் செதிலாகப் பெயர்ந்து கம்பி பல்லை இளித்துக்கொண்டிருக்கும். "தண்ணி படாத எடத்துல எப்படிண்ணே துரு?" என்று தொட்டி ஆபரேட்டர் கேட்பார். தண்ணீருக்குள் முழுக்க மூழ்கிய கான்கிரீட்டில் ஆக்சிஜன் உள்ளே போவது மெதுவாகத்தான். கூரையில் ராத்திரி பூராவும் ஆவி வேர்த்துச் சொட்டுகிறது, பகலில் காய்கிறது. அதோடு பிளீச்சிங் பவுடரிலிருந்து எழும் குளோரின் ஆவியும் அங்கேதான் போய் ஒட்டுகிறது. ஈரம், காற்று, குளோரைடு மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் தொட்டியிலேயே அது ஒன்றுதான். காற்றுக் குழாயை யாராவது அடைத்துவிட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை பிஎச் 12.5, 13 என்று இருக்கும். அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை நிறுத்தி வைக்கிறது. காற்றின் கார்பன் டை ஆக்சைடு உள்ளே இறங்கி, பிஎச் 9 பக்கம் வந்துவிட்டால் படலம் போய்விடும். குளோரைடு வந்தாலோ காரம் இருக்கும்போதே அந்தப் படலத்தில் ஓட்டை போடும். அப்புறம் துரு. துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளி உடைப்பது அந்த வீக்கம்தான்.

முதலில் சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டுங்கள். உறுதியான இடம் 'டங்' என்று கணீரென்று சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் 'டொப்' என்று மந்தமாக ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கண்ணுக்கு உடைந்து தெரிவதைப் போல இரண்டு மடங்குப் பரப்பு வட்டத்துக்குள் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடுத்து, பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, பினாஃப்தலீன், அதை ஆல்கஹாலில் 1 சதவீதமாகக் கரைத்து, புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் தெளியுங்கள். ஊதாச் சிவப்பாக மாறினால் காரம் உயிரோடு இருக்கிறது. நிறமே வரவில்லை என்றால் அந்த ஆழம் வரை செத்துவிட்டது. நிறம் வராத ஆழம் கம்பிக்கு முன்பே நின்றால் நிம்மதி, கம்பியைத் தாண்டி உள்ளே போயிருந்தால் ரிப்பேர் பெரிது. குளோரைடு விஷயத்தில் இந்தச் சோதனை வாய் திறக்காது. சிவப்பாக வந்தும் கம்பி அரித்திருந்தால் கான்கிரீட் தூளைச் சோதனைச்சாலைக்கு அனுப்புங்கள்.

இனி கை வேலை. வட்டம் போட்ட இடத்தின் ஓரத்தை மெஷினால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள். ஓரம் தோசை விளிம்பு போல மெலிந்து முடிந்தால் புதுக் கலவை அங்கேதான் முதலில் தூக்கும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, 20, 25 மி.மீ., கொத்தி எடுங்கள். கொத்தனார்கள் இங்கே சோம்பல்படுவார்கள், நின்று பார்க்க வேண்டும். கம்பியின் முன்பக்கத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டுப் பின்பக்கம் துருவை அப்படியே விட்டால் வேலை செய்யாததற்குச் சமம். கம்பி பிரஷ் போதாத இடத்தில் மணல் வீச்சு. தேய்த்த பிறகு கம்பியின் பருமனை அளங்கள். குறுக்குவெட்டுப் பரப்பில் கால் பங்கு குறைந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். கூரை முழுக்க அப்படி என்றால் ஒட்டுப்போடாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டு, கூரையை மாற்றலாமா என்று கேளுங்கள்.

கம்பிக்கு உடனே பூச்சு. துத்தநாகம் அதிகமுள்ள ப்ரைமரும் உண்டு, சிமென்ட்டும் பாலிமரும் சேர்ந்த பூச்சும் உண்டு. எனக்குச் சிமென்ட் வகைதான் கைக்கு அடங்குகிறது. ஈரத்தில் கோபித்துக்கொள்ளாது. அதில் ஊர்ப் பெருமையும் கொஞ்சம் இருக்கலாம். கான்கிரீட் கம்பிக்குச் சிமென்ட் பாலிமர் பூச்சு முறையை உருவாக்கியது நம் சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். துருவை ஆராய்வது அங்கே ஒரு பெரிய துறை. அது இருக்கிற ஊரிலேயே கம்பியில் துருவோடு சிமென்ட் பூசுகிறோம் என்பதுதான் வருத்தம்.

பிறகு பழைய கான்கிரீட்டை நனைத்து, மேலே தண்ணீர் நிற்காமல் ஈரம் மட்டும் இருக்கும் நிலையில் பழையதையும் புதியதையும் பிடித்து வைக்கும் ஒட்டுப் பால் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பாலிமர் கலவையை அடுக்கடுக்காக அழுத்துங்கள். தலைக்கு மேல் வேலை என்பதால் ஒரே அடியில் தடியாக அப்பினால் தொங்கி விழும். ஒரு அடுக்கு 10, 15 மி.மீ. போதும். வேண்டிய அளவு ஈரச்சாக்கு, அப்புறம் ஏழு நாள் பொறுமை. சித்திரை வெயிலில் இந்த ஏழு நாளை மூன்றாகச் சுருக்கியவர்களின் ஒட்டுகள் எல்லாவற்றிலும் தலைமுடி விரிசல் பார்த்திருக்கிறேன்.

ரிப்பேர் செய்த இடம் நன்றாக இருக்கிறது, அதைச் சுற்றி வெடிக்கிறது

பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் ஒட்டுப் போட்டால் ஒட்டு நிற்கும், அதன் ஓரமாகச் சுவர் உதிரும். தொட்டியிலும் பார்க்க அதே மாதிரிதான், காரணம் வேறு. குளோரைடு ஏறிய கான்கிரீட்டில், அதிகம் அரிக்கும் ஓர் இடம் தன் பக்கத்துக் கம்பியைத் தன்னையறியாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கும். மின்கலம் போல ஒன்று கரைய மற்றது பிழைக்கும். கரைந்த இடத்தை நாம் புதுக் கலவையால் சரிசெய்ததும் கரையும் முறை பக்கத்துக்காரனுக்கு வருகிறது. அதனால் குளோரைடு இருப்பது உறுதியானால், உடைந்த இடத்தோடு நிற்காமல், ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளைக் கட்டிப் புதைப்பது உண்டு. கம்பிக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். விலை கூடத்தான். இரண்டாவது முறை சாரம் கட்டும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெளிச்சுவரில் வெள்ளை வடிவது, பழுப்பு வடிவது

வெள்ளையாகச் சுண்ணாம்பு வடிந்து சில இடத்தில் குச்சி போலத் தொங்கினால் விரிசல் வழியே தண்ணீர் கசிந்து கான்கிரீட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கம்பி இன்னும் தப்பித்திருக்கலாம். பழுப்புக் கோடாக வந்தால் தப்பவில்லை. இரண்டும் கலந்து வந்தால் முதலில் கசிவை நிறுத்துங்கள்.

வெளியே இருந்து அடைப்பது வீண். தண்ணீர் உள்ளிருந்து தள்ளும்போது வெளிப்பூச்சு பிய்ந்துகொண்டு வரும். காலி செய்து, உள்ளிருந்து விரிசலை 'வி' போல வெட்டி அடையுங்கள். அசையாத விரிசலுக்கு எபாக்ஸி ஊசி சரி (எபாக்ஸி என்பது பேஸ், ஹார்ட்னர் என்று இரண்டு பொருளைக் கலந்ததும் இறுகும் பிசின்). வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் விரிசலுக்கு எபாக்ஸி போட்டால் பக்கத்தில் புது விரிசல் பிறக்கும். அதற்கு நெகிழும் வகைப் பொருள்தான். முடிந்ததும் கான்கிரீட் தண்ணீர்த் தொட்டிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3370 சொல்வது போலச் செய்யுங்கள்: நிரப்பி ஏழு நாள் கான்கிரீட் குடிக்க விடுங்கள், அடுத்த ஏழு நாள் வெளிமுகம் காய்ந்தே இருக்கிறதா பாருங்கள். குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தை இரண்டு முறை பாருங்கள். கசிவில் பாதி அங்கேதான்.

போன வருஷம் அடித்த எபாக்ஸி கொப்பளிக்கிறது

ஒரு கொப்பளத்தைக் கத்தியால் கீறுங்கள்.

உள்ளே தண்ணீர் இருந்தால், அடியில் உப்போ ஆவியாகாத தின்னரோ மாட்டிக்கொண்டிருந்தது. சவ்வு வழியே தண்ணீரை அது உள்ளே இழுத்திருக்கிறது. கழுவாமல் பூசியதன் விளைவு. உள்ளே காய்ந்து, பூச்சின் முதுகில் சிமென்ட் பால் மாவு போல ஒட்டியிருந்தால் மேற்பரப்பைச் சுரண்டாமல் அடித்திருக்கிறார்கள். முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட் மட்டும் தாள் போல உரிந்தால், ஈரக் காற்றில் முதல் கோட்டின் மேல் எண்ணெய்ப் படலம் போல ஒன்று படிந்திருக்கும். வெந்நீரில் துடைத்து, லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த கோட் போயிருக்க வேண்டும். ஊசிமுனைத் துளைகளாக இருந்தால், காலையில் அடித்திருக்கிறார்கள். வெயில் ஏற ஏறக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈரப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்.

மேலே சொன்ன எதற்கும் பழைய பூச்சின் மேலேயே ஒரு கோட் என்பது மருந்தில்லை. உரியும் வரை உரித்து, உரியாத இடத்தில் சொரசொரப்பாக்க வேண்டும்.

மறுபடி அடிக்கும்போது ஈரம் பாருங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பூசும் பரப்பின் வெப்பம், பனி படியும் வெப்பத்தைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் இந்த இரண்டும் அமையாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனவர்கள் ஊர் திரும்பிய பிறகு, மாசி, பங்குனியில் எனக்கு வேலை வசதி. கான்கிரீட்டுக்கு மதியம் தாண்டி, வெயில் இறங்கும்போது ஆரம்பித்து, பனி விழும் முன் முடிக்க வேண்டும். எபாக்ஸியைக் கலந்தால் அதற்கு ஆயுள் எண்ணப்பட்டுவிடும். 25 டிகிரியில் 40 நிமிஷம் தாங்குவது 35 டிகிரியில் ஏறக்குறைய 20 நிமிஷம்தான். டப்பாவை நிழலில் வையுங்கள். பாதி பேஸ், பாதி ஹார்ட்னர் என்று கண்ணளவில் பிரிக்காதீர்கள்.

எந்தப் பூச்சு? குடிநீருக்குச் சான்று உள்ளது மட்டும். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைச் சான்றைத் தொகுதி எண்ணோடு கேட்டு வாங்குங்கள். தார் கலந்த கறுப்பு எபாக்ஸி சாக்கடைக்கும் கடற்கரைத் தூணுக்கும் நன்றாக உழைக்கும், குடிதண்ணீருக்குள் வேண்டவே வேண்டாம். ஈயம் கலந்த செந்நிற ப்ரைமரும் அப்படியே.

அளவில் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. 6.5 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் ஆழம் என்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தொட்டி. தண்ணீருக்கு மேலே விடும் 30 செ.மீ. சுவரையும் கணக்கில் எடுத்தால், சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து உள்பரப்பு 134 சதுர மீட்டர் பக்கம் வரும். தின்னர் இல்லாத எபாக்ஸியில் 200 மைக்ரான் (0.2 மி.மீ.) கனம் வீதம் இரண்டு கோட் போட 54 லிட்டர், சொரசொரப்பும் சேதாரமும் சேர்த்தால் 70 லிட்டர். சாயங்காலம் காலி டப்பாக்களை எண்ணுங்கள். 20 லிட்டர் டப்பா இரண்டே இருந்தால் மிச்சப் பூச்சு சுவரில் இல்லை, பில்லில்தான் இருக்கிறது.

இரும்புத் தகட்டுத் தொட்டி, ஏணி, மூடி

தகட்டில் மேலோட்டமான துரு பயமுறுத்தும், ஆபத்து குறைவு. ஆபத்து சின்னச் சின்னக் குழிகளில். கூர்மையான குச்சியால் குழியைச் சுரண்டி ஆழம் அளங்கள். தகட்டின் பாதியைத் தின்றிருந்தால் முதலில் தகடு ஒட்டி வெல்டிங், அப்புறம்தான் பூச்சுப் பேச்சு. வெறும் இரும்புக்குக் கம்பி பிரஷ் போதாது. மணல் வீச்சில் வெண்மை நெருங்கும் வரை, எஸ்ஏ 2½ தரம், 50 முதல் 75 மைக்ரான் சொரசொரப்பு. வீசிய நாளே ப்ரைமர் ஏற வேண்டும். ராத்திரி தாண்டினால் மறுநாள் மஞ்சள் பூத்திருக்கும்.

உள் ஏணி துருவேறிப் படி ஆடினால் பெயிண்ட் அடிக்காதீர்கள், கழற்றி எறியுங்கள். அதில் ஒரு மனிதர் மாதம் இருமுறை ஏறி இறங்குகிறார். கண்ணாடியிழை ஏணி துருப்பிடிக்காது, அதை மாட்டுங்கள்.

தொட்டியைத் திறந்துவிட்ட பிறகு தண்ணீரில் பெயிண்ட் வாடை

பூச்சு இறுகவில்லை. கம்பெனி சொன்ன நாள், பெரும்பாலும் ஏழு, முடியும் முன் நிரப்பியிருக்கிறார்கள். அவசரத்துக்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான், ஊரில் கல்யாணம். கல்யாண வீட்டுக்கு லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்வது இதைவிட மலிவு. காலி செய்து, காற்றோட்டம் கொடுத்து, நாட்களை முடியுங்கள். பிறகு கிருமி நீக்கம். 100 லிட்டர் தண்ணீரில் 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 60 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கிடைக்கும். மூட்டை பழசென்றால் 80 கிராம். தெளிந்த நீரை மட்டும் எடுத்து உள்ளே எல்லா முகத்திலும் தெளித்து அரை மணி ஊறவிட்டு அலசி வெளியேற்றுங்கள். கண்ணாடி, கையுறை கட்டாயம். நிரப்பியதும் கடைசி வீட்டுக் குழாயில் மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா, கோலிபார்ம் கிருமி இல்லையா என்று சோதித்த பிறகே குடிக்க விடுங்கள்.

தொட்டி மேல் கழுவிய தேதி மட்டும் புதிதாக இருக்கிறது

இதுவும் ஒரு கோளாறுதான். நீலக் கட்டத்துக்குள் எழுதியிருக்கும் தேதியை நம்பிப் பூச்சு எஸ்டிமேட் போடாதீர்கள். அடி வால்வை ஒரு வாளிக்குத் திறந்து, வாளியை அரை மணி வையுங்கள். அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சேறும் துருத் துகளும் படிந்தால் அந்தத் தேதிக்கு யாரும் உள்ளே இறங்கவில்லை. அந்தச் சேற்றுக்கு அடியில் தரை எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எஸ்டிமேட் எழுதியவருக்கும்தான். கழுவிவிட்டு மறுபடி சுத்தியலை எடுங்கள்.